காரின் எச்சரிக்கை விளக்குகள்: எதற்கு எவ்வளவு கெடு?

நீங்கள் கேட்டிருப்பது இது: 2019-ஆம் ஆண்டு பெட்ரோல் கார், போன வருடம் சென்னையில் ஒருவரிடமிருந்து கைமாறி வாங்கியது. திருச்சிக்குப் போகும் வழியில், விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டியதும் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. ஓட்டத்தில் வித்தியாசம் எதுவும் தெரியாததால் திருச்சி வரை ஓட்டிவிட்டீர்கள். அங்கே ஒரு மெக்கானிக் பேட்டரி டெர்மினலைக் கழற்றி, ஐந்து நிமிடம் கழித்து மாட்டினார், விளக்கு அணைந்தது. நான்காம் நாள் மறுபடி எரிகிறது. இதை அப்படியே விட்டுவிடலாமா, பொதுவாக எந்த விளக்குக்கு அங்கேயே நிற்க வேண்டும், எதற்கு வீடு வரை போகலாம் என்று கேட்கிறீர்கள்.

திருச்சி வரை ஓட்டியதில் தவறில்லை. டெர்மினலைக் கழற்றியதுதான் தவறு. அது ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் இரண்டாம் கேள்வி. அதில் தவறினால் இன்ஜினே போய்விடும்.

இருபது வருடங்களுக்கு மேலாக ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் விளக்கைக் காட்டி, "இது என்ன கோளாறு?" என்றுதான் கேட்பார்கள். பாவம், விளக்குக்கே அது தெரியாது. எங்கோ ஒரு சென்சார், எல்லை மீறிய ஓர் அளவைப் பார்த்திருக்கிறது; அந்தச் சேதி மட்டும்தான் டேஷ்போர்டுக்கு வந்து சேர்கிறது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர் கேட்க வேண்டிய கேள்வி, "எனக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது?" என்பது. அதற்கு விளக்கு நன்றாகவே பதில் சொல்லும். சிவப்பு என்றால் கெடு முடிந்துவிட்டது அல்லது முடியப்போகிறது. மஞ்சள் என்றால் பக்குவமாக ஓட்டிப் போய்க் காட்டலாம். பச்சையும் நீலமும் பெரும்பாலும் ஏதோ ஒன்று இயங்குகிறது என்ற தகவல் மட்டுமே. இந்தப் படங்கள் ஐஎஸ்ஓ 2575 என்ற சர்வதேசத் தரத்தில் வகுக்கப்பட்டவை. கொரியக் காரிலும் ஜெர்மன் காரிலும் அதே ஆயில் குவளைப் படம் இருப்பது அதனால்தான்.

ஆனால் சிவப்புக்குள்ளேயே ஏற்றத்தாழ்வு உண்டு. ஒன்றுக்குச் சில நொடிகள், ஒன்றுக்கு ஓரிரு நிமிடங்கள், இன்னொன்றுக்கு அரை மணி நேரம். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் ஆட்கள் நிற்க வேண்டிய இடத்தில் ஓட்டுகிறார்கள், ஓட்டியிருக்கலாம் என்ற இடத்தில் நடுச்சாலையில் பதறி நிற்கிறார்கள்.

நொடிக்கணக்கில் கெடு வைப்பது ஆயில் விளக்கு. பழைய எண்ணெய்க் குவளை போல ஒரு படம், அதன் மூக்கில் ஒரு சொட்டு. இது ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். சிவப்பில் எரிந்தால் அது சொல்வது ஆயிலின் அழுத்தத்தை. சூடேறி ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினில் அந்த அழுத்தம், பார் என்ற அலகில், பொதுவாக இரண்டு முதல் நான்கு வரை இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் அது அரை பார் அளவுக்கு இறங்கிய பிறகுதான் விளக்கு எரிகிறது. குறையத் தொடங்கும்போது வாய் திறக்காமல் இருந்துவிட்டு, கையிருப்பு தீர்ந்த பிறகு கடிதம் போடுகிற கணக்குப்பிள்ளை மாதிரி. இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமல் சுற்றுவது நடுவில் இருக்கும் மெல்லிய ஆயில் படலத்தின் தயவில். படலம் போனால் உலோகத்தோடு உலோகம் உரசும். அதன் பிறகு கேட்கிற வார்த்தைதான் "இன்ஜின் சீஸ் ஆகிவிட்டது".

எங்களிடம் வந்த ஒரு வண்டியை மறக்க முடியாது. காரில் ஐந்து பேர், டிக்கி நிறையச் சீர்வரிசைச் சாமான். ஊருக்குள் வெள்ளைக்கோடு கூடப் போடாத ஒரு வேகத்தடையில் அடிப்பாகம் இடித்து, இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப் விரிசல் விட்டிருக்கிறது. இரண்டு நிமிடத்தில் விளக்கு எரிந்துவிட்டது. ஓட்டியவர் பார்த்திருக்கிறார். "வீடு மூன்று கிலோமீட்டர்தானே" என்று ஓட்டியிருக்கிறார். வீட்டுக்கு அரைக் கிலோமீட்டர் இருக்கும்போது இன்ஜின் கடகடவென்று சத்தம் போட்டு நின்றது. விளக்கு எரிந்த இடத்திலேயே அணைத்திருந்தால் ஒரு சம்ப்பும் புது ஆயிலும் போதும். மூன்று கிலோமீட்டருக்காக இன்ஜினையே இறக்கிப் பிரிக்க வேண்டியதாயிற்று.

ஆகவே இந்த விளக்கு எரிந்தால் பாதுகாப்பாக ஓரம் கட்டி உடனே இன்ஜினை அணையுங்கள். பெட்ரோல் பங்க் வரட்டும், நிழல் வரட்டும் என்று பார்க்காதீர்கள். மேடுபள்ளம் இல்லாத இடமாக இருந்தால் பத்து நிமிடம் விட்டு ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து, மறுபடி செருகிப் பாருங்கள். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே பல வண்டிகளில் ஒரு லிட்டர் அளவு வித்தியாசம். ஆயில் குறைந்திருந்து, கீழே ஒழுகிய தடமும் இல்லை என்றால், ஊற்றி இன்ஜினை இயக்கலாம். ஓரிரு நொடிகளில் விளக்கு அணைய வேண்டும். ஆயில் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் சாவியைத் தொடாதீர்கள். மலிவான அழுத்த சுவிட்ச் கெட்டிருக்கலாம், ஆயில் பம்ப்பும் கெட்டிருக்கலாம். எது என்று தனியாக அழுத்தமானி மாட்டித்தான் சொல்ல முடியும். சுவிட்சாகத்தான் இருக்கும் என்று இன்ஜினைப் பணயம் வைக்க வேண்டாம். திருப்பங்களில் மட்டும் ஒரு மினுக்கு மினுக்கினால் ஆயில் குறைவு என்று பொருள். போக்குவரத்து நெரிசலில் சூடாக நிற்கும்போது மட்டும் மினுக்கினால், ஆயில் நீர்த்துப்போயிருக்கிறது அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது.

அடுத்தது வெப்பம். நீரில் மூழ்கிய வெப்பமானி போன்ற படம். இதற்கு ஓரிரு நிமிடங்கள் உண்டு, அதற்கு மேல் இல்லை. பல சிறிய கார்களில் இப்போது முள் வைத்த மீட்டரே கிடையாது. நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டும். காலையில் நீலம் எரிந்தால் இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது, விரட்டாதே என்று பொருள்; அது கோளாறு அல்ல. கால் மணி நேரம் ஓட்டியும் நீலம் அணையாவிட்டால் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடேறும்வரை குளிர்விக்கும் திரவத்தை மறித்து வைக்கும் வால்வு) திறந்தபடி நின்றுவிட்டது என்று சந்தேகப்படலாம்.

சிவப்பு எரிந்தால் ஏசியை அணையுங்கள், கண்ணாடிகளை இறக்குங்கள், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துக் காற்று வேகத்தைக் கூட்டுங்கள். மே மாதத்து உளுந்தூர்பேட்டையில் ஹீட்டரா என்று தோன்றும். ஹீட்டர் என்பது டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு குட்டி ரேடியேட்டர். இன்ஜின் சூட்டை அது உங்கள் முகத்தில் கொட்டி வெளியேற்றும். அந்த நேரத்தில் ஓரம் கட்ட இடம் பாருங்கள். நின்றதும் இன்ஜினை அணையுங்கள்.

அதன் பிறகு செய்யக் கூடாத ஒன்று: ரேடியேட்டர் மூடியைத் திறப்பது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது திறந்த பாத்திரத்துக் கணக்கு. அழுத்தத்தில் அடைபட்ட கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், 120 டிகிரி வரையிலும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகிய கணம் அழுத்தம் போய், உள்ளே இருப்பதெல்லாம் ஒரே சமயத்தில் நீராவியாகி முகத்துக்கு வரும். குறைந்தது அரை மணி நேரம் காத்திருந்து, மேல் ஹோஸைத் தொட்டால் கை தாங்குகிறது என்ற நிலை வந்த பிறகு, தடித்த துணி போட்டு மெல்லத் திறக்க வேண்டும். சூடான இன்ஜின் மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றும் வழக்கமும் உண்டு. அலுமினிய சிலிண்டர் ஹெட் கோணிக்கொள்ள அது ஒன்றே போதும். அவசரத்துக்குக் குடிநீர் பாட்டிலை உள்ளே ஊற்றி ஒர்க்‌ஷாப் வரை போகலாம். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை ஊற்றினால், பின்னர் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும்.

ஒரு பொறி இதில் இருக்கிறது. ஹோஸ் வெடித்து கூலன்ட் முழுவதும் கொட்டிவிட்டால், வெப்ப சென்சார் நீரில்லாமல் அந்தரத்தில் தொங்கும். இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போது முள் கீழே இறங்கிக் காட்டக் கூடும். சிவப்பு எரிந்து, தானாகவே அணைந்து, ஹீட்டரிலும் குளிர்ந்த காற்று வந்தால் சரியாகிவிட்டது என்று கிளம்பாதீர்கள். அதைவிட மோசமான நிலை இல்லை. சிக்னலில் நிற்கும்போது மட்டும் சூடாகி, நெடுஞ்சாலையில் தணிந்தால் ரேடியேட்டர் ஃபேன் மேல் சந்தேகம். வேகமாக ஓடும்போதும் சூடானால் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், அடைத்த ரேடியேட்டர் என்று போகும். இந்த ஒரு தகவலை மெக்கானிக்கிடம் சொன்னால் அவருக்கு அரை நாள் மிச்சம்.

பேட்டரி படத்துக்கு வருவோம். இது ஓடும்போது எரிந்தால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டர் வேலை செய்யவில்லை, வண்டி இப்போது சேமிப்பைத் தின்று ஓடுகிறது என்பதே சேதி. சாதாரணமாக ஓடும் இன்ஜினில் பேட்டரி முனைகளுக்கு இடையே 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கும். இன்ஜின் ஓடாமல் நிற்கும்போது, முழுதாக சார்ஜ் ஏறிய நல்ல பேட்டரியில் 12.6. ஏசி, பாட்டு, பின்கண்ணாடிச் சூடேற்றி எல்லாவற்றையும் அணைத்துவிட்டால் பகலில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை போகலாம். இரவில் முகப்பு விளக்கும் சேர்ந்து தின்பதால் பாதிதான். இந்த ஒரு விளக்குக்கு மட்டும் ஆளில்லாத இடத்தில் இன்ஜினை அணைக்காதீர்கள். மறுபடி செல்ஃப் எடுக்காது.

ஒரு விதிவிலக்கு. பேட்டரி விளக்கோடு ஸ்டீயரிங் கனத்தாலோ வெப்பம் ஏறினாலோ ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட் அறுந்திருக்கலாம். பல இன்ஜின்களில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. அப்போது உங்கள் கெடு பேட்டரியின் அரை மணி அல்ல, வெப்பத்தின் இரண்டு நிமிடம்.

வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு பிரேக். முதலில் ஹேண்ட் பிரேக் முழுவதும் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்; பாதிப் பேருக்கு விஷயம் அங்கேயே முடிந்துவிடும். இறங்கியிருந்தும் எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது. பிரேக் பேட் தேயத் தேய அந்த ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் என்பதால், விளக்கு எரிந்தவுடன் கடையில் வாங்கி ஊற்றிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. தேய்ந்த பேட்டை மறைத்துவிட்டு நிம்மதியாகப் போவதற்குப் பெயர் பழுது நீக்கம் அல்ல. பெடல் மெத்தென்று ஆழமாகப் போனால் எங்கோ கசிகிறது. அந்த வண்டியை ஓட்டவே கூடாது. சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் ஏற்பாட்டின் மஞ்சள் விளக்கு மட்டும் தனியாக எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், ஆனால் திடீரென்று அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். இடைவெளி விட்டு மெதுவாகப் போங்கள். சிவப்பு பிரேக் விளக்கும் ஏபிஎஸ்ஸும் சேர்ந்து எரிந்தால் முன், பின் சக்கரங்களுக்குப் பிரேக்கைப் பங்கிடும் ஏற்பாடும் போயிருக்கலாம். பின்சக்கரம் முதலில் பூட்டினால் வண்டி சுழலும். நிற்பதே நல்லது.

பிரேக்கைப் பற்றிப் பேசும்போது எந்த விளக்கும் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை டாப் கியரில் பிரேக்கை மிதித்தபடியே இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற பிரேக் ஆயில் வகைக்கு, புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தபட்சம் 205 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140. இறக்கத்தில் சூடேறி அது கொதித்தால் குழாயில் நீராவி நிற்கும், பெடல் தரை வரை போகும். ஆயில் அளவு சரியாகத்தான் இருக்கும் என்பதால் டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியாது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை மாற்றுங்கள். இறக்கத்தில் இரண்டாம் கியர்.

இப்போது உங்கள் மஞ்சள் விளக்கு. இன்ஜின் படம். இது அமெரிக்காவில் பிறந்த ஏற்பாடு. அங்கே 1996 முதல் கார்களுக்கு ஓபிடி-2 என்ற பொதுவான சுயசோதனை முறை கட்டாயமானது. இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து. நோக்கம் ஓட்டுநரின் வசதி அல்ல, புகை. புகைபோக்கி வழியாக வெளியேறும் மாசு கூடும்படி ஏதாவது கெட்டால் கம்ப்யூட்டர் ஒரு குறியீட்டு எண்ணைப் பதிந்துவைத்து இந்த விளக்கை ஏற்றும். வண்டி நன்றாக ஓடுகிறதே, விளக்கு மட்டும் ஏன் எரிகிறது என்ற குழப்பத்துக்கு விடை இதுதான். ஓட்டத்தில் தெரியாத ஒன்று புகையில் தெரிந்திருக்கிறது.

அணையாமல் நிலையாக எரிந்தால், வண்டி இழுக்கிறது, சூடாகவில்லை, வேறு சிவப்பு இல்லை என்னும்வரை ஓட்டலாம். ஓரிரு நாட்களில் ஸ்கேனர் கருவியை மாட்டி அந்தக் குறியீட்டு எண்ணைப் படியுங்கள். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் கதையே வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே வெளியே போகிறது. போகிற வழியில் இருக்கும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் அது பற்றிக்கொள்ளும். உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான், அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. பீங்கான் உருகினால் அந்தப் பூச்சின் விலையைத்தான் நீங்கள் கட்டுவீர்கள். மின்னும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்துங்கள். மின்னுவது நின்றால் மெதுவாகப் பக்கத்து ஒர்க்‌ஷாப். நிற்காவிட்டால் வண்டியை நிறுத்துங்கள். பெரும்பாலும் ஸ்பார்க் பிளக் அல்லது இக்னிஷன் காயில். வாட்டர் சர்வீஸில் பானெட்டைத் திறந்து இன்ஜின் மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்த மறுநாள் இப்படி வருகிற வண்டிகளுக்குக் கணக்கே இல்லை.

ஸ்கேனர் காட்டும் எண்ணைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது ஒரு புகார். பி 0171 என்று வந்தால் பெட்ரோலைவிடக் காற்று அதிகமாகச் சேர்கிறது என்று பொருள். இதைப் பார்த்ததும், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுகிறவர்கள் நம் தொழிலில் நிறைய. ஆனால் புகாரைச் சொன்னதே அந்த சென்சார்தான். விரிசல் விட்ட காற்றுக் குழாய், அழுக்கேறிய காற்றளவு சென்சார், அடைத்த பெட்ரோல் ஃபில்டர், இவற்றில் ஏதோ ஒன்று குற்றவாளியாக இருக்க, சாட்சியைப் பிடித்து உள்ளே போடுகிற வேலை அது. நல்ல மெக்கானிக் எப்படி வேலை செய்வார் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: பி 0301 என்றால் முதல் சிலிண்டரில் எரியவில்லை. முதல் சிலிண்டரின் காயிலை மூன்றாவதில் மாட்டி ஓட்டிப் பார்ப்பார். குறியீடு பி 0303 ஆக மாறினால் காயில்தான் கெட்டிருக்கிறது. மாறாவிட்டால் பிளக்கையோ இன்ஜெக்டரையோ பார்ப்பார். ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை.

டெர்மினலைக் கழற்றியது ஏன் தவறு என்று இப்போது புரியும். குறியீட்டோடு சேர்த்து, கோளாறு ஏற்பட்ட அந்தக் கணத்தின் வேகம், இன்ஜின் சுற்று, வெப்பம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் ஒரு புகைப்படம் போலப் பிடித்து வைத்திருக்கும். விக்கிரவாண்டியில் பிடித்த அந்தப் படம் திருச்சியில் அழிந்துவிட்டது. இன்ஜினின் தன்மைக்கு ஏற்ப பெட்ரோலைச் சரிசெய்து வைத்திருந்த கணக்குகளும் பல வண்டிகளில் அதோடு போகும். நான்கு நாள் எரியாமல் இருந்ததால் சரியாகிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். பல கோளாறுகளுக்கு, அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தவறு தென்பட்டால்தான் விளக்கே எரியும். சில சோதனைகளைக் கம்ப்யூட்டர் நீண்ட தூரம் சீராக ஓடும்போது மட்டுமே செய்யும். அந்த நான்கு நாளும் வண்டி மறுபடி சோதித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நிஜமாகவே கோளாறு நீங்கியிருந்தால் யாரும் எதையும் கழற்ற வேண்டியதில்லை. பொதுவாக மூன்று ஓட்டங்கள் தவறில்லாமல் போனால் விளக்கு தானே அணையும்.

ஒரே நேரத்தில் நான்கைந்து விளக்குகள் எரிந்து போன் செய்கிறவர்கள் குரலிலேயே அழுகை இருக்கும். நான்கு விளக்கு என்றால் நான்கு கோளாறு என்று கணக்குப் போட வேண்டாம். ஒரு சக்கரத்தின் வேக சென்சார் சேறு படிந்து குழம்பினால் ஏபிஎஸ், வழுக்கலைத் தடுக்கும் இஎஸ்பி, ஏற்றத்தில் பிடித்து நிறுத்தும் வசதி எல்லாம் சேர்ந்து கைவிரிக்கும். பேட்டரி நலிந்து வோல்ட் இறங்கினாலும் டேஷ்போர்டு முழுக்கத் தீபாவளிதான். மழைக்காலம் தொடங்கியதும் எனக்கு முதலில் நினைவு வருவது எலி. அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தில் ஒரு வாரம் நிற்கும் வண்டியின் பானெட்டுக்குள் சூடும் இருட்டும் தேடி வந்து ஒயரைக் கடித்துப் போகும். ஸ்கேனர் ஐந்து பாகங்களின் பெயரைச் சொல்லும், கடிபட்டது ஒரே ஒரு ஒயர்க் கட்டாக இருக்கும். ஐந்து பாகங்களுக்கு மதிப்பீடு எழுதும் முன் ஒரு டார்ச்சை எடுத்துக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மற்றவற்றை விரைவாகச் சொல்கிறேன். குதிரை லாடத்துக்குள் ஆச்சரியக்குறி, டயர் காற்று. எரிந்தால் வேகத்தைக் குறைத்து, பக்கத்துக் காற்று பிடிக்கும் இடத்தில் நான்கையும் பாருங்கள். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் விடியற்காலையில் எரிந்து வெயில் ஏறியதும் அணைந்தால் காற்று எல்லைக்கோட்டில் இருக்கிறது. வெப்பம் ஐந்தாறு டிகிரி இறங்கினால் காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐ அளவு இறங்கும். மஞ்சள் நிறத்தில் வழுக்கும் கார் படம் மின்னினால் அது கோளாறல்ல, வழுக்கலைத் தடுக்கும் ஏற்பாடு அந்தக் கணத்தில் வேலை செய்கிறது. நீங்கள் வேகமாகப் போகிறீர்கள். டீசல் வண்டிகளில், குறிப்பாக 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை மாசு விதி வந்த பிறகு, கரித்துகள் வடிகட்டியின் விளக்கு ஒன்று உண்டு. தினமும் நான்கு கிலோமீட்டர் பள்ளிக்கும் கடைக்கும் ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். எரிந்த உடனேயே நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டருக்கு மேல் சீராக இருபது நிமிடம் ஓட்டினால் உள்ளே சூடேறித் துகள்கள் எரிந்து சுத்தமாகும். அலட்சியம் செய்தால் ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டர் மாட்டி எரிக்க வேண்டும், அதையும் தாண்டினால் வடிகட்டியையே மாற்ற வேண்டும்.

சீட் பெல்ட் விளக்கும் ஒலியும் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் கட்டாயம். அதன் வாயை அடைக்க வெறும் கொக்கியை வாங்கிச் செருகுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்தக் கொக்கிகளை இணைய அங்காடிகளிலிருந்து அகற்ற உத்தரவிட வேண்டி வந்தது.

ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் மோதலில் ஏர்பேக் விரியாமல் போகலாம். சில கார்களில் சீட்டுக்கு அடியில் சுத்தம் செய்யும்போது மஞ்சள் நிற இணைப்பான் ஒன்று தளர்ந்து இப்படி எரியும். மஞ்சள் இணைப்பான் என்றால் ஏர்பேக் சுற்று. அதில் மல்டிமீட்டரையோ டெஸ்ட் பல்பையோ வைக்காதீர்கள்.

இந்த விளக்கைப் பற்றி உங்களிடம் கூடுதலாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நீங்கள் வாங்கியது கைமாறிய வண்டி. விபத்தில் விரிந்த ஏர்பேக்கை மாற்றாமல், விளக்கின் ஒயரை மட்டும் ஆயில் விளக்கோடு இணைத்து, அது அணையும்போது இதுவும் அணையும்படி செய்து விற்கிற ஆட்கள் உண்டு. நாளைக் காலை இதைச் செய்யுங்கள்: இன்ஜினை இயக்காமல் சாவியை ஆன் வரை மட்டும் திருப்புங்கள். எல்லா விளக்குகளும் எரிய வேண்டும். ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் சில நொடிகளில் தாமாக அணையும்; ஆயிலும் பேட்டரியும் இன்ஜின் ஓடும்வரை எரிந்துகொண்டிருக்கும்; இன்ஜின் படமும் பெரும்பாலும் அப்படியே. ஏதாவது ஒன்று எரியவே இல்லை என்றால் பல்ப்பைப் பிடுங்கியிருக்கலாம். ஏர்பேக் விளக்கு ஆயில் விளக்கோடு கைகோத்துக்கொண்டு அணைந்தால் ஒயரில் விளையாடியிருக்கிறார்கள். அப்படியே முன் சீட்டைப் பின்னால் தள்ளி, அடியில் இருக்கும் தண்டவாளத்தில் துருவும் வண்டலும் இருக்கிறதா என்று பாருங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் நின்ற வண்டிகள் பல துடைத்து விற்கப்பட்டிருக்கின்றன. இணைப்பான்களுக்குள் பச்சை பூத்து, மாதங்கள் கழித்து ஒவ்வொரு விளக்காக எரியும்.

நெடுஞ்சாலையில் சிவப்பு எரிந்து நின்றால் நான்கு பக்க இண்டிகேட்டரைப் போட்டு, முக்கோணப் பலகையை ஐம்பதடி அல்ல, ஐம்பது மீட்டர் பின்னால் வைத்து, எல்லாரும் இறங்கித் தடுப்புக்கு வெளியே நில்லுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033.

உங்கள் வண்டிக்கு: நிலையாக எரிகிறது, இழுவை குறையவில்லை, நெடுஞ்சாலையில் நீண்ட ஓட்டத்தில் வந்தது, அழித்த பிறகும் நான்கு நாளில் திரும்பியது. எனக்குத் தோன்றுவது ஆக்சிஜன் சென்சார், எங்கோ சிறு காற்றுக் கசிவு, அல்லது பெட்ரோல் ஆவியை உறிஞ்சும் வால்வு. ஆனால் எண்ணைப் பார்க்காமல் நான் சொல்வதும் ஆரூடம்தான். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட சாக்கெட் இருக்கும். புளூடூத் வழியாகப் போனில் காட்டும் சிறு ஸ்கேனர் இருந்தால் நீங்களே படிக்கலாம், இல்லாவிட்டால் ஒர்க்‌ஷாப்பில் படிக்கச் சொல்லுங்கள். குறியீட்டையும், அதோடு பதிந்த வேகம், வெப்பம் ஆகியவற்றையும் அழிப்பதற்கு முன் போனில் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை ஓட்டலாம். டெர்மினலை மட்டும் யாரையும் மறுபடி தொட விடாதீர்கள்.